ஓவட்டோனா வங்கிக் கட்டடம்: எதில் எவ்வளவு மதிப்பு மிஞ்சியிருக்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்பொலிஸிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஓவட்டோனா வரும். சுற்றிலும் பால்பண்ணையும் தானிய வயலும். 1906-இல் ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்தைத் தொடவில்லை. அந்த ஊரின் கடைத்தெரு முக்கில், சிகாகோவின் உயர்ந்த கட்டடங்களால் பெயர்பெற்ற லூயிஸ் சலிவன் 1908-இல் ஒரு வங்கியைக் கட்டி முடித்தார். பெயர் நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க். வங்கி 1926-இல் மூழ்கியது; கட்டடம் நிற்கிறது. 1971-இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது. 1976-இல் அதற்கும் மேலான தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1981-இல் 18 சென்ட் அஞ்சல்தலையிலும் இடம்பிடித்தது.

இவ்வளவு பெயர் வந்த கட்டடத்துக்குத் தனியாக மதிப்பீடு எதற்கு? அந்தப் பெயர்தான் இங்கே சிக்கல். ‘சலிவன் கட்டியது’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால், எந்தப் பகுதி 1908-ஐச் சேர்ந்தது, எது 1940-இல் போனது, எது 1958-இல் வந்தது என்பது கண்ணில் படாது. வணிகக் கட்டடம் கோயிலைப் போலவோ அரண்மனையைப் போலவோ ஒரே நிலையில் நிற்பதில்லை. கடைக்காரர் மாறுவார், கணக்கு மாறும், கல்லா இருக்கும் இடம் மாறும். ஆகவே மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டால் தப்பாகத்தான் முடியும். பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

கட்டவைத்தவர்

வங்கியின் துணைத்தலைவர் கார்ல் பென்னட், ஹார்வர்டில் படித்தவர், இசைப்பித்து உள்ளவர். தந்தை வங்கித் தலைவர். பழைய இடம் போதாமல் புதுக்கட்டடம் வேண்டும் என்றபோது, அன்றைய வழக்கப்படி தூண் வைத்த ரோமானியக் கோயில் முகப்பில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ‘தி கிராஃப்ட்ஸ்மன்’ இதழில் 1906-இல் சலிவனின் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு அவருக்கே எழுதினார்.

சலிவனுக்கு அது வறட்சிக் காலம். பங்காளி டாங்க்மர் ஆட்லருடன் 1895-இல் பிரிந்தபின் வேலை குறைந்துகொண்டே வந்தது. 1909-இல் வீட்டுப் பொருள்களையே ஏலம் விட வேண்டிய நிலை. ஓவட்டோனாவில் தொடங்கி 1919-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கொலம்பஸ் வரை, அயோவா, இந்தியானா, ஒஹாயோ சிற்றூர்களையும் சேர்த்து, வங்கி வகையைச் சேர்ந்த எட்டுச் சிறு கட்டடங்களை அவர் வடிவமைத்தார். கட்டடக்கலை எழுத்துகளில் இவற்றை ‘நகைப்பெட்டிகள்’ என்பார்கள். முதலாவதும் எட்டில் மிகச் செழிப்பானதும் ஓவட்டோனாதான்.

யார் வரைந்தது என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. சலிவனின் தலைமை வரைவாளர் ஜார்ஜ் கிராண்ட் எல்ம்ஸ்லியின் கை இதில் ஆழமாக இருக்கிறது. அலங்காரத்தில் பெரும்பகுதி அவருடையது. பக்கத்துக்கு ஒரே பெரிய வளைவு என்ற யோசனையும் தன்னுடையதே என்று அவர் பின்னாளில் சொன்னார். டெரகோட்டாவுக்கு, அதாவது சுட்ட களிமண் அலங்காரத் துண்டுகளுக்கு, களிமண் மாதிரி செய்தவர் கிறிஸ்டியன் ஷ்னைடர். சுட்டுக் கொடுத்தது இல்லினாய் மாநிலத்தின் அமெரிக்கன் டெரகோட்டா நிறுவனம். வண்ணக் கண்ணாடி லூயிஸ் மில்லே, சுவரோவியம் ஆஸ்கர் கிராஸ், இரும்பு வேலை வின்ஸ்லோ பிரதர்ஸ். மதிப்பீட்டுத் தாளில் ‘வடிவமைப்பாளர்’ என்ற கட்டத்தில் ஒரே பெயரை எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ‘கைவேலை’ என்பது தனி அளவுகோல்; அதற்கு இந்தப் பெயர்கள் அத்தனையும் வேண்டும்.

வெளிச்சுவர்

வங்கிக் கூடம் 68 அடி சதுரம், 49 அடி உயரம். அடியில் செம்பழுப்பு மணற்கல். அதற்குமேல் கரடுமுரடான முகமுள்ள செங்கல். ஒரே சூளைச் சிவப்பு அல்ல. பழுப்பு, ஊதா, செம்பு நிறங்கள் கலந்து அடுக்கியது. எட்ட நின்று பார்த்தால் நெய்த கம்பளம் போல இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் இதை ‘டேப்பஸ்ட்ரி’ (திரைக்கம்பளம்) செங்கல் என்றார்கள். தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் 36 அடி அகலத்துக்கு ஒரே வளைவு, அதற்குள் பச்சை சாயும் வண்ணக் கண்ணாடி. வளைவைச் சுற்றியுள்ள செங்கல் பரப்புக்குக் கண்ணாடிப் பதிப்பால் மெல்லிய கரை, அதையொட்டி நீலப்பச்சை மெருகிட்ட டெரகோட்டாப் பட்டை. மேல் மூலைகளில் டெரகோட்டா பதக்கங்கள். உச்சியில் செங்கல்லை வரிசை வரிசையாக வெளியே தள்ளிக் கட்டிய கார்னிஸ்.

மூலைப் பதக்கத்தைத் தொலைநோக்கியில் பாருங்கள். நடுவில் ஒரு விதை வெடிப்பதுபோல் தொடங்கி, இலை சுருண்டு, அந்தச் சுருளிலிருந்து இன்னொரு இலை கிளம்பி, ஓரத்துக்கு வரும்போது கணக்கான வடிவக் கட்டுக்குள் அடங்கிவிடும். தட்டையான சுவர்ப் பரப்பில் இப்படிச் செறிவான வேலை மிகச் சில இடங்களில் மட்டும்தான். மீதியெல்லாம் வெறும் செங்கல். அந்த வெறுமையும் வடிவமைப்பின் பாகம். அங்கே ஒரு பெயர்ப்பலகை, ஒரு ஏசி குழாய், ஒரு கேமரா கம்பி ஓடினாலும் முகப்பு கெட்டுவிடும். பாதுகாக்க வேண்டிய கூறுகளைப் பட்டியலிடுபவர்கள் பதக்கத்தை எழுதுவார்கள். வெற்றுச் சுவரை எழுத மறந்துவிடுவார்கள்.

உள்ளே நடந்த தொழில்

சலிவன் போட்ட திட்டத்தில் குடியானவர்களுக்கு என்று ஓர் அறை இருந்தது. பெண்களுக்குத் தனி அறை. தலைவரின் அறை மூடிய மாடியில் இல்லை. வருகிறவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிவது பெட்டகத்தின் கதவு. ‘உங்கள் பணம் இதோ இருக்கிறது’ என்று சொல்லும் ஏற்பாடு அது. வங்கி என்றால் நடுக்கமாக நுழையும் இடம் என்றிருந்த காலத்தில், வண்டி கட்டி ஊருக்கு வந்த பண்ணைக்காரர் உட்கார்ந்து பேச இடம் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல. டெபாசிட் வரும் என்ற தொழில் கணக்கு. கட்டடத்தின் சமூக வரலாற்று மதிப்பு இந்த அறை அமைப்பில்தான் இருக்கிறது.

கூடத்துக்குள் நான்கு பக்கமும் அதே பெரிய வளைவு திரும்ப வரும். தெருப்பக்கம் இரண்டில் கண்ணாடி; மற்ற இரண்டில் கிராஸின் சுவரோவியங்கள் – ஒன்று மேயும் பசுக்கள், இன்னொன்று அறுவடை. ஊரின் தொழிலையே சுவரில் எழுதிவைத்தது போல. மேலிருந்து தொங்கும் நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள், ஒவ்வொன்றும் சுமார் 2¼ டன். 1908 வசந்தத்தில் சலிவன் பென்னட்டுக்கு எழுதிய கடிதத்தில், வெளியே இருக்கும் இயற்கையின் நிறத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதே தன் வேலை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதை நம்பலாம்: கண்ணாடி வழியே வரும் பச்சை வெளிச்சம் விழுந்தால்தான் சுவரின் நிறங்கள் சேர்கின்றன. எல்இடி விளக்காக மாற்றும்போது வெள்ளை வெளிச்சம் மஞ்சள் சாய்கிறதா நீலம் சாய்கிறதா என்பதில் தப்பினால், ஒரு கல்லையும் தொடாமலேயே உள்வேலையைக் கெடுத்துவிடலாம்.

1926, 1940, 1958

முதல் உலகப்போர்க் காலத்தில் தானிய விலை ஏறியது. கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1920-க்குப்பின் விலை விழுந்தது, கடன் நின்றது. 1921 முதல் 1929 வரை அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடின. பெரும்பாலும் ஓவட்டோனா போன்ற ஊர் வங்கிகள். நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்கும் அந்த வரிசையில் போனது. சலிவன் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1924 ஏப்ரலில் சிகாகோவில் காலமாகியிருந்தார். கட்டடம் வேறொரு வங்கியின் கைக்கு மாறியது.

1940-இல் உள்ளே பெரிய சேதம். காசாளர் கூண்டுகளையும் அவற்றின் இரும்புக் கிராதிகளையும் எடுத்துவிட்டார்கள், செங்கல் தடுப்புகளையும் மாற்றினார்கள். சில கிராதிகள் பின்னாளில் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கு அதைப் பார்த்துப் பதறுவது எளிது. அன்றைய வங்கித் தொழிலில் கூண்டு என்பது பழைய பயத்தின் அடையாளம். திறந்த கவுன்ட்டர், அதிக ஆள் உட்காரும் இடம் – இதுதான் நவீனம். 1908-இல் பென்னட்டைக் கட்டவைத்த அதே தொழில் புத்திதான் 1940-இல் இடிக்கவும் வைத்தது. அதை எழுதாமல் ‘சேதம்’ என்று மட்டும் எழுதினால் ஆய்வு அரைகுறை.

1950-களின் முடிவில் வங்கி நிர்வாகம் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டது. வேலை 1958-இல் முடிந்தது. கூண்டுகளை அவர் போலியாகத் திரும்பச் செய்யவில்லை. மிஞ்சிய சலிவன் வேலையைச் சுத்தம்செய்து, அதன் நிறத்துக்கும் அளவுக்கும் அடங்கிய புதுக் கவுன்ட்டர்களைப் போட்டார். ஆண்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் 1966-இல்தான் வந்தது. சிகாகோவில் ஆட்லரும் சலிவனும் கட்டிய கேரிக் அரங்கு 1961-இல் இடிக்கப்பட்டது. பங்குச் சந்தைக் கட்டடம் 1972-இல் போனது, அதிலிருந்து அலங்காரத் துண்டுகளை மீட்கப்போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி இறந்தார். பெருநகரம் இப்படி நடந்துகொண்ட காலத்தில், சட்டமோ வரிச்சலுகையோ இல்லாமல் ஒரு சிற்றூர் வங்கி தன் காசைப் போட்டு மீட்டிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் இன்னொரு சுற்றுப் பழுதுபார்ப்பும் நடந்தது.

பின்கட்டு

வங்கிக் கூடத்தின் பின்னால் பிராட்வே தெருவை ஒட்டி, அதே செங்கல்லில் தாழ்வான இரண்டடுக்குப் பகுதி ஓடுகிறது. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். வாடகைக்கு விடக் கட்டியது. புகைப்படங்களில் இது பெரும்பாலும் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். புத்தகங்களிலும் இரண்டு வரிதான்.

பலரும் இதைத் துணைக்கட்டடமாகத் தள்ளிவிடுவார்கள். அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அமெரிக்கச் சிற்றூர்க் கடைத்தெரு என்பதே இந்த அமைப்பில்தான் நிற்கிறது: தெருமட்டத்தில் பெரிய கண்ணாடி வைத்த கடை, மேலே பல்மருத்துவர், வக்கீல், காப்பீட்டு முகவர். 1870 முதல் 1920 வரை கட்டிய ஆயிரக்கணக்கான கட்டடங்கள் இப்படித்தான். சலிவனின் சதுரப்பெட்டி அந்த வழக்கத்திலிருந்து விலகியது. பின்கட்டு அந்த வழக்கத்தோடு சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இது சிற்பம் அல்ல, வாடகையும் வட்டியும் பார்க்கும் முதலீடு என்பது விளங்கும். கடை முகப்புகள்தான் எந்த வணிகக் கட்டடத்திலும் முதலில் மாறுவன. ஆகவே அங்கே அசல் பொருள் குறைவாக இருப்பதை வைத்து மதிப்பைக் குறைக்கக் கூடாது. திறப்புகளின் தாளம், மேல்மாடி ஜன்னல் வரிசை, செங்கல் தொடர்ச்சி இருந்தால் போதும்.

தாளில் ஏற்றுவது

அமெரிக்கத் தேசியப் பதிவேடு நான்கு வாசல்களைத் திறந்துவைத்திருக்கிறது: நிகழ்வுகளோடு தொடர்பு, முக்கிய மனிதரோடு தொடர்பு, வடிவமைப்புச் சிறப்பு, தகவல் தரும் திறன். பொதுவாக 50 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஓவட்டோனா மூன்றாவது வாசலில் தாராளமாக நுழைகிறது. முதல் வாசலிலும் நுழையும் – வேளாண் கடன், வங்கி வீழ்ச்சி என்ற கதைக்கு. அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

வாசல் தாண்டினால் ‘முழுமை’ என்ற சோதனை. இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், பொருள், கைவேலை, உணர்வு, தொடர்பு என ஏழு கூறுகள். இருப்பிடத்தில் கேள்வியில்லை. சூழலும் வலு: எதிரே ஊரின் நடுப்பூங்கா இருப்பதால் முகப்பைத் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. தொடர்பு மிக வலு: நூறு ஆண்டைக் கடந்தும் வங்கியாகவே ஓடியது. பொருளும் கைவேலையும் வெளியே ஏறக்குறைய முழுசு. உள்ளே கைக்கு எட்டாத உயரத்தில் முழுசு, கைக்கு எட்டும் உயரத்தில் உடைசல். இது பெரும்பாலான வணிகக் கட்டடங்களுக்குப் பொருந்தும். பத்தடிக்கு மேல் யாரும் தொடுவதில்லை. பத்தடிக்குக் கீழ் ஒவ்வொரு மேலாளரும் தொடுகிறார். எனவே ஆய்வுப் படிவத்தில் கீழ்ப்பகுதி, மேல்பகுதி, கூரை என்று கிடைமட்டமாகப் பிரித்து எழுதுவது அறை அறையாக எழுதுவதைவிடப் பயன் தரும்.

ஹாரிஸின் 1958 வேலையை என்ன செய்வது? அமெரிக்க உள்துறைச் செயலரின் புதுப்பிப்பு நெறிகள் பத்தில், நான்காவது நெறி பிற்காலத்தில் தானே மதிப்புப் பெற்றுவிட்ட மாற்றங்களைக் காக்கச் சொல்கிறது. மூன்றாவது நெறி, இல்லாத பழமையை ஊகத்தில் உண்டாக்காதே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தீர்ப்பு தெளிவு: 1958 கவுன்ட்டரை உடைத்து 1908 கூண்டை நகலெடுத்து வைப்பது தப்பு. கிராதிகளின் அசல் துண்டு கையில் இருந்தாலும், அதைக் கண்ணாடிப்பெட்டியில் காட்டலாம். புது வார்ப்பு எடுத்துக் கவுன்ட்டரில் பொருத்தினால் எது 1908, எது நேற்று என்று பத்து ஆண்டில் யாருக்கும் தெரியாமல் போகும்.

இதுபோன்ற கட்டடத்துக்கு ஆதாரம் திரட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் சில ஆண்டு இடைவெளியில் வெளிவந்தவை. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரச்சட்டம், நீலம் என்றால் கல். ஒரே மனைக்கு அடுத்தடுத்த பதிப்புகளை அடுக்கிவைத்தால், பின்னால் எப்போது கொட்டகை சேர்ந்தது, எப்போது மாடி வந்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். அதன்பின் ஊர்த் தொழில் விவரப் புத்தகம், வரிப் பதிவு, தெருப் படங்கள். கிறிஸ்துமஸ் ஊர்வலப் படம் கட்டடக்கலைப் படத்தைவிட உதவும்; கடைப் பலகையும் வெய்யில் மறைப்பும் அதில்தான் விழுந்திருக்கும்.

பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அப்படியில்லை. தனியார் தன் சொந்தக் காசில் இடித்தால் கூட்டாட்சிப் பதிவேடு தடுக்காது. கூட்டாட்சி அரசின் பணமோ உரிமமோ சம்பந்தப்பட்டால் மட்டும் மீளாய்வு உண்டு. கையைப் பிடிப்பது ஊராட்சியின் சட்டம்தான். சலுகைப் பக்கம், வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தை நெறிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழியும். 2017 வரிச்சட்டத் திருத்தத்துக்குப்பின் அது ஐந்து ஆண்டுகளாகப் பிரித்துக் கிடைக்கிறது. செலவு, 24 மாதத்துக்குள், நிலம் நீங்கலாகக் கட்டடத்தின் கணக்கு மதிப்பையோ 5,000 டாலரையோ, எது அதிகமோ அதைத் தாண்ட வேண்டும். சிறு கடைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்: இந்த ஆண்டு கூரை, அடுத்த ஆண்டு முகப்பு என்று துண்டுதுண்டாகச் செய்து, எந்த 24 மாதத்திலும் வரம்பைத் தொடாமல் போய்விடுவார்கள்.

எது கெடும், ஏன்

மினசோட்டாவின் எதிரி பனி. தண்ணீர் செங்கல் சந்துக்குள் புகுந்து உறைந்து விரிந்து, உருகி, மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். ஆகவே எல்லாப் பழுதுக்கும் மூலம் தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதுதான். தள்ளிக் கட்டிய கார்னிஸின் மேல்முகம், அதன் தகடு, கூரைத் தண்ணீர்க் குழாய் – இந்த மூன்றையும் பார்க்காமல் சுவரைப் பூசுவது வீண்செலவு.

டெரகோட்டா தனி ஜாதி. ஒவ்வொரு துண்டும் உள்ளே வெற்றுக் கூடு. முகத்தில் கண்ணாடி மெருகு. முகத்தின் வழியாகத் தண்ணீர் நுழையாது, வெளியேயும் போகாது. சந்துச் சாந்து வழியே நுழைந்த ஈரம் மெருகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, உறையும்போது மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். துண்டைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்தால் பருத்து, துண்டையே பிளந்துவிடும். மெருகில் சிலந்திவலை போல் மயிர்க்கோடு தெரிந்தால் உடனே பதற வேண்டியதில்லை. களிமண் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்து லேசாக விரிவதால் வருவது அது. கோடு மெருகைத் தாண்டி உடலுக்குள் ஓடியிருந்தால்தான் கவலை.

சோதனை எளிது. கொட்டாப்புளியால் ஒவ்வொரு துண்டையும் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல துண்டு கணீர் என்று பேசும். உள்ளே பிளந்தது டொக்கென்று செத்த சத்தம் கொடுக்கும். தட்டுகிறவர் ஒருவரே கடைசிவரை தட்டட்டும். கை மாறினால் காதும் மாறும். வரைபடத்தில் துண்டுக்கு எண் போட்டு, சத்தத்தை மூன்று வகையாகக் குறித்தால் போதும். இரும்புச் சுத்தியல் கூடாது.

சுத்தம்செய்வதில்தான் அதிகப் பாவம் நடக்கிறது. மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். செங்கல்லின் சுட்ட தோல் உரிந்தால் உள்ளே இருப்பது பஞ்சு. டெரகோட்டாவின் மெருகு போனால் மறுபடி வராது. முன்சொன்ன பத்தில் ஏழாவது நெறி இதற்காகவே இருக்கிறது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த ‘கட்டடக் கழுவி’ மெருகை அரித்து மங்கச் செய்துவிடும். தண்ணீரும் மென்மையான சோப்பும் இயற்கை நார்த் தூரிகையும் போதும். பீச்சினால் 100 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம்) கீழே தொடங்க வேண்டும். சிலிக்கோன் நீர்க்காப்பு அடிக்கலாமா என்று ஒப்பந்தக்காரர் கட்டாயம் கேட்பார். உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் சேர்த்துத் தாழ்போடுவது அது, வேண்டாம்.

பாயின்ட்டிங்கில், அதாவது செங்கல் சந்துகளில் புதுச் சாந்து நிரப்புவதில், கெட்டியான சிமென்ட் சாந்துதான் கொலைகாரன். சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருந்தால் அசைவும் ஈரமும் சந்து வழியே தீரும். கெட்டியாக இருந்தால் செங்கல் தன் விளிம்பைக் கொடுக்கும். சந்து மட்டும் விறைப்பாக நிற்க, சுற்றிலும் செங்கல் உதிர்ந்திருக்கும் சுவரை எந்த ஊரிலும் பார்க்கலாம். 1 பங்கு சிமென்ட், 2 பங்கு சுண்ணாம்பு, 8 முதல் 9 பங்கு மணல் என்பது கெட்டித்தன்மைக்கு மேல்வரம்பு. பழைய சாந்தை முதலில் ஆய்வகத்தில் கரைத்துப் பார்த்து, மணலின் நிறமும் பருமனும் சேர்த்தாக வேண்டும். இந்தச் சுவரில் சந்தின் நிறமும் ஆழமும் வடிவமைப்பின் பாகம்; சந்தை நிரப்பித் தளமாக இழுத்துவிட்டால் கம்பளம் போன்ற அந்தத் தோற்றம் பூச்சுச் சுவர் போலாகிவிடும்.

பழைய சாந்தை எடுக்கும் ஆழம் சந்தகலத்தின் 2 முதல் 2½ மடங்கு; 3/8 அங்குலச் சந்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம். சிற்றுளியும் சுத்தியலும் போதும்; சுழல்வட்டு இயந்திரம் செங்குத்துச் சந்தில் ஓடினால் மேலும் கீழும் உள்ள செங்கல்லைக் கீறாமல் வராது. கால் அங்குலக் கனமாக அடுக்கடுக்காகத் திணித்து, ஒவ்வொன்றும் விரல் பதியாத அளவு இறுகியபின் அடுத்ததை இட வேண்டும். தட்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாளில் வேலையை நிறுத்திவிடுவது நல்லது. மினசோட்டாவில் அக்டோபரோடு கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் டர்ப்பாலின் கட்டி, ஹீட்டர் போட்டு முடித்துக் கொடுக்கிறேன் என்கிறவரை நம்பினால் அடுத்த வசந்தத்தில் மாவாக உதிரும்.

உடைந்த டெரகோட்டாவுக்கு மாற்று வேண்டுமென்றால், பக்கத்துத் துண்டிலிருந்து நேராக அச்சு எடுத்து வார்த்தால் சிறுத்துப்போகும். களிமண் காய்ந்து சுடும்போது அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் சுருங்கும். மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். பொருத்தும் கொக்கி துருப்பிடிக்காத எஃகு. கண்ணாடிநார் நகல் மலிவு, எடை குறைவு. புதிதில் பொருந்தும், ஆனால் வெயிலில் நிறம் வேறு திசையில் மாறும். 40 அடி உயரத்தில் ஒன்றிரண்டு என்றால் ஏற்கலாம்; கண்மட்டத்தில் கூடாது.

வண்ணக் கண்ணாடி வளைவுகளில், கண்ணாடியைப் பிடிக்கும் உலோகப் பட்டைகளின் பற்றவைப்புத்தான் முதலில் சோரும். 36 அடி அகலம் என்பதால் காற்றழுத்தம் சின்ன விஷயம் இல்லை. பக்கவாட்டில் நின்று நூல் பிடித்துப் பார்த்தால் தொப்பை தெரியும். 1½ அங்குலத்தைத் தாண்டினால் இறக்கிச் சீர்செய்ய வேண்டிய கட்டம். காப்புக்காக வெளியே இன்னொரு கண்ணாடி போடுவார்கள். இடைவெளிக்குக் காற்றுத் துளை விடாவிட்டால் வெயிலில் அது அடுப்பாகும், குளிரில் வியர்வை வடிந்து பட்டையை அரிக்கும். கீழும் மேலும் துளை, பூச்சி வராமல் வலை.

ஆண்டுக்கு இரண்டு சுற்று போதும். ஏப்ரலில் பனி உருகியதும் ஒன்று: புதிதாக உதிர்ந்த சாந்து, உப்புப் பூத்த செங்கல், கார்னிஸ் அடியில் ஈரக்கறை. அக்டோபர் தொடக்கத்தில் இன்னொன்று: கூரைக் குழாயில் இலை, தகட்டின் தையல், கண்ணாடிக் காற்றுத் துளை. பாயின்ட்டிங் எடுத்தால் கண்ணில் படாத பின்பக்கத்தில் 3 அடிக்கு 3 அடி மாதிரி ஒன்று போட்டு, ஈரத்தில் ஒருமுறை, முழுக்க உலர்ந்தபின் ஒருமுறை, ஒரு குளிர்காலம் தாண்டி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முகப்பில் கை வைக்க வேண்டும்.